சென்னையில் இலக்கியக் கூட்டங்களுக்குப் போக நினைக்கும் வாசகருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வேலைக்காகச் சென்னை வந்து சோழிங்கநல்லூரில் தங்கியிருக்கிறீர்கள். ஊரில் இருந்தவரை நூலகத்தில் எடுத்து நிறையப் படித்திருக்கிறீர்கள், இரண்டு மூன்று கதைகளும் எழுதி வைத்திருக்கிறீர்கள். இங்கே எழுத்தாளர் யாரையும் தெரியாது. இலக்கியக் கூட்டங்கள் எங்கே நடக்கின்றன, அழைக்காமல் போகலாமா, எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகப் போகலாம். சென்னையில் நடக்கும் இலக்கியக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. அழைப்பிதழின் அடியில் ‘அனைவரும் வருக’ என்று போடுகிறவர், நாற்காலி நிறைய வேண்டுமே என்ற நிஜமான கவலையோடுதான் போடுகிறார். முப்பது பேர் வந்தால் நல்ல கூட்டம், ஐம்பது பேர் வந்தால் மறுநாள் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தால் கூட்டம் நடத்துகிறவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என்னிடம் திடமான ஒரு பதில் உண்டு. பெரிய விழாவிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு நாவலையோ நாலு சிறுகதைகளையோ எடுத்துவைத்துப் பேசுகிற சின்னக் கூட்டம் ஒன்றைப் பிடியுங்கள். அதற்கு மாதாமாதம் போங்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறார்களோ அதைப் படித்துவிட்டுப் போங்கள். இந்த ஊரின் இலக்கிய உலகம் அப்படிப்பட்ட அறைகளில்தான் உருவாகி வந்திருக்கிறது. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டுத் தொடங்கிய பத்திரிகை அது. நடைமுறையில் அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை. ஆனாலும் தமிழில் புதுக்கவிதை ஒரு இயக்கமாக எழுந்தது அதன் பக்கங்களில்தான். ந. பிச்சமூர்த்தி முதல் அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் வரை பலரையும் சேர்த்து 1962இல் ‘புதுக்குரல்கள்’ கவிதைத் தொகுப்பு வந்ததும் அந்த முகவரியிலிருந்துதான். செல்லப்பா தான் பதிப்பித்த புத்தகங்களைத் தானே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். ஒரு வீட்டின் முன்னறை, சில நூறு சந்தாதாரர்கள், பிடிவாதமான ஒரு மனிதர், அவ்வளவுதான். இன்று கல்லூரிப் பாடத்தில் ஒரு இயலாக நிற்கும் விஷயம் அன்று இந்த அளவில்தான் இருந்தது.

1970இல் அதே நகரத்தில் இரண்டு வேறு வேறு காரியங்கள் தொடங்கின. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி, நா. கிருஷ்ணமூர்த்தி முதலியவர்கள் சேர்ந்து ‘கசடதபற’ என்ற சிறுபத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுற்றிலிருந்த முத்துசாமி பின்னால் 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். நவீன நாடகத்துக்கு இந்த ஊர் கொடுத்தது பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். இன்னொரு பக்கம், அதே ஆண்டு ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு தொடங்கியது. அவர்கள் செய்தது எளிமையான வேலை. மாதம் ஒருநாள் கூடுவார்கள். அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்துவந்து பேசி, அவற்றில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகள். அவற்றில் ஒன்று ஆண்டின் சிறந்த கதை, எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பு. வெகுஜன வார இதழில் வந்தது, சிறுபத்திரிகையில் வந்தது என்று பிரிக்காமல் பார்த்த ஏற்பாடு. ஆழ்வார்பேட்டை அம்புஜம்மாள் தெருவில் இருக்கும் ஸ்ரீநிவாச காந்தி நிலையத்தில் அந்தக் கூட்டங்கள் பல வருஷம் நடந்தன. பல எழுத்தாளர்கள் தங்கள் முதல் அங்கீகாரமாகச் சொல்வது அந்த மாதப் பரிசைத்தான்.

ஜெயகாந்தனின் சபையையும் இதில் சேர்க்க வேண்டும். கே.கே. நகர் வீட்டு மாடியில் மாலை நேரங்களில் கூடிய அந்தச் சபைக்கு நிகழ்ச்சி நிரல் எதுவும் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவரும் அரசு அதிகாரியும் சினிமாக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அங்கே போனவர்கள் சொல்வார்கள். அவர் 2015இல் மறைந்த பிறகு அதுபோல ஒரு இடம் இந்த நகரத்தில் உருவாகவில்லை. மெரினா மணலில் உட்கார்ந்து கவிதை பேசிய கூட்டங்களும் உண்டு. 2000க்குப் பிறகு இணையத்தில் எழுதத் தொடங்கியவர்கள் நேரில் சந்தித்துக்கொண்டதும் காந்தி சிலைக்குப் பின்னால்தான். வாடகை இல்லாத அரங்கம் அது ஒன்றுதானே.

சரி, இப்போது என்ன இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘சென்னை இலக்கிய வட்டம்’ என்று ஒரே வட்டம் கிடையாது. ஒரு பதிப்பகத்தைச் சுற்றி ஒன்று, ஒரு பத்திரிகையைச் சுற்றி ஒன்று, ஒரு புத்தகக் கடையைச் சுற்றி ஒன்று, ஒரு அரசியல் இயக்கத்தைச் சுற்றி ஒன்று என்று பல. சிலர் எல்லாவற்றுக்கும் போவார்கள், சிலர் ஒன்றைத் தாண்டி இன்னொன்றில் கால் வைக்க மாட்டார்கள். புதிதாக வருகிற உங்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அது பெரிய வசதி. முதல் ஒரு வருஷம் அந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடந்த பதினைந்து இருபது வருஷங்களில் கூட்டங்களைத் தாங்கிப்பிடித்தவை புத்தகக் கடைகள். கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூரில் பனுவல், வேளச்சேரியில் யாவரும் பதிப்பகத்தின் பி ஃபார் புக்ஸ், திருவல்லிக்கேணியில் பரிசல், எழும்பூரில் நீலம். கடைக்கு உள்ளேயோ மாடியிலோ நாற்பது ஐம்பது பேர் உட்காரும் இடம் இருக்கும். அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலிகளை விரித்தால் அரங்கம் தயார். பெரிய அரங்குகளுக்குக் கட்டும் வாடகை ஒரு கவிதைத் தொகுப்பின் மொத்த விற்பனையைத் தாண்டிவிடும் என்பதால் இது இயல்பாகவே நடந்தது. உங்கள் இருப்பிடத்துக்குத் திருவான்மியூரும் வேளச்சேரியும்தான் பக்கம், அங்கிருந்து தொடங்குங்கள். சின்னக் கடைகள் இடம் மாறுவது இந்த ஊரில் சகஜம், அதனால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

நூலகங்களும் இருக்கின்றன. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகத்தின் அரங்கம் எல்லா வகைக் கூட்டத்துக்கும் பொதுவான இடம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அழைத்துப் பேசவைக்கும் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சி நடப்பதுண்டு. 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அந்த நூலகத்தை, அடுத்த ஆண்டே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அப்போதைய அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போனது, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஒரே மேடையில் உட்கார மாட்டார்கள் என்று நினைத்திருந்த பலர் அந்தச் சமயத்தில் சேர்ந்து நின்றார்கள். இன்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தளம் தளமாக நிறைந்திருப்பதைப் பார்க்கும்போது அந்தச் சண்டை எவ்வளவு அவசியமானது என்று தோன்றும்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களை அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. அங்கே நடக்கும் உரைகள் பழைய அச்சு, பதிப்பு வரலாறு, தொல்லியல், இசை என்று போகும். கதை கவிதை மட்டும் போதும் என்று நினைக்காமல் ஒன்றிரண்டுக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை மாதந்தோறும் நடத்தும் உரைகளும் அந்த வகைதான். மயிலாப்பூர்ப் பக்கம் சி.ஐ.டி. காலனியில் கவிக்கோ அப்துல் ரகுமான் பெயரால் அமைந்த கவிக்கோ மன்றத்தில் நடுத்தர அளவு விழாக்கள் நடக்கும்.

இப்போது ஒரு வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கண்ணில் முதலில் படும் அழைப்பிதழ் அநேகமாக அதற்கானதாகத்தான் இருக்கும். மாலை ஐந்தரை என்று போட்டிருந்தால் ஆறே கால். வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் புத்தகங்கள், கல்லாப்பெட்டிக்குப் பதிலாகச் சுவரில் ஒட்டிய ஜிபே அட்டை. பக்கத்தில் தேநீர், சமோசா. வரவேற்புரை, வெளியிடுதல், முதல் பிரதி பெற்றுக்கொள்ளுதல், கேமராவுக்காகப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து ஒரு நிமிஷம் நிற்றல். அப்புறம் நாலைந்து பேர் பேசுவார்கள். புத்தகத்தை நிஜமாகப் படித்துவந்தவர் அவர்களில் ஒருவராவது இருப்பார், அவருக்காகவே போகலாம். மற்றவர்களில் சிலர் எழுத்தாளருடனான நட்பைப் பற்றியே பேசி முடித்துவிடுவார்கள். எட்டரைக்கு அரங்கை ஒப்படைக்க வேண்டும் என்று காவலாளி வந்து நிற்கும்போதுதான் ஏற்புரைக்கு எழுத்தாளரைக் கூப்பிடுவார்கள். யாருக்காக அந்த மாலையோ அவர் பத்து நிமிஷத்தில் நன்றி சொல்லி முடிப்பார். இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். ஏற்புரையை முதலில் வைத்தால் என்ன என்று நடத்துகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றிரண்டு பேர் அப்படி வைக்கவும் செய்தார்கள், அந்தக் கூட்டங்கள் நன்றாகவே நடந்தன.

வெளியீட்டு விழா கூடாது என்று சொல்லவில்லை. ஒருவர் நாலு வருஷம் உட்கார்ந்து எழுதியதை நாலு பேர் சேர்ந்து கொண்டாடுவது நியாயம். ஆனால் கற்றுக்கொள்ளப் போகிற இடம் அதுவாக இராது.

புத்தகத்தை எடுத்துவைத்துப் பேசுகிற கூட்டத்தின் கதை வேறு. குவிகம் இலக்கிய வாசல், வாசகசாலை போன்ற அமைப்புகள் இதைத் தொடர்ந்து செய்துவந்திருக்கின்றன. வாசகசாலையின் ‘கதையாடல்’ நிகழ்ச்சியில் அந்தந்த மாதம் இதழ்களில் வந்த சிறுகதைகளை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கதையாகப் பேசுவார்கள். பேசுகிறவர் பெரும்பாலும் உங்களையும் என்னையும் போன்ற வாசகர்தான். ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர், பள்ளி ஆசிரியர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மேடைப் பழக்கம் இல்லாத ஒருவர் தாளில் எழுதிவைத்ததை, கை லேசாக நடுங்க, வாசிக்கும்போது அந்தக் கதை எங்கே அவரைத் தொட்டது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். தேர்ந்த பேச்சாளரிடம் பல சமயம் அது கிடைக்காது.

ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் பேச எடுத்துக்கொண்டிருந்தோம். சென்னையின் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், அடிபம்பு, லாரிக்குக் காத்திருக்கும் பெண்கள் என்று போகிற நாவல். இருபது பேர் இருப்போம். தண்ணீர் எதற்குக் குறியீடு, ஜமுனாவின் தனிமைக்கும் வறண்ட குழாய்க்கும் என்ன உறவு என்று அரை மணி நேரமாகப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், கையைத் தூக்கினார். எழுபதுகளில் மாம்பலத்தில் குடியிருந்தவராம். “பம்பு அடிக்கறப்போ வர்ற சத்தத்தை வச்சே தண்ணி வருமா வெறும் காத்தான்னு சொல்லிடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, பக்கத்து வீட்டுக்குத் தெரியாம மெதுவா அடிப்போம். சத்தம் கேட்டா அவங்களும் வந்துடுவாங்க, தண்ணி எறங்கிடும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் யாரும் குறியீடு பேசவில்லை. எல்லாரும் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுப் பெண்கள் இன்னொரு வீட்டுப் பெண்களைக் கண்டு ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கேள்விக்கு எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

இதற்காகத்தான் சொல்கிறேன், படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் அந்த அம்மா சொன்னது உங்களுக்கு ஒரு பழைய நினைவாக மட்டுமே கேட்டிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கடை வாசலிலோ பக்கத்து டீக்கடையிலோ ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். மேடையில் சொல்லாததை அங்கே சொல்வார்கள். எந்த மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது, எந்தப் பழைய நாவல் மறுபதிப்பு வந்திருக்கிறது, யார் புதிதாக நல்ல கதை எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். முதல் முறை சும்மா நின்று கேளுங்கள். மூன்றாம் முறை உங்களை யாராவது பெயர் கேட்பார்கள். அதற்குள் “நானும் கதை எழுதுவேன் சார்” என்று தொடங்க வேண்டாம். படித்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், நீங்கள் எழுதுகிறவர் என்பது தானாக வெளியே வரும்.

இந்த டீக்கடைப் பேச்சில் பெண்களுக்கு இடம் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறே காலுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிற கூட்டத்தில், ஏழரைக்கே பஸ்ஸைப் பிடிக்கப் பின்வரிசையிலிருந்து எழுந்து போகிற பெண்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். நன்றாகப் படிக்கிற, நன்றாக எழுதுகிற எத்தனையோ பேர் பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் அங்கே இருப்பதில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்த கூட்டங்களில் பெண்கள் வரிசை நிறைந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சாதி விஷயமும் அப்படித்தான். நெடுங்காலம் சென்னையின் இலக்கியக் கூட்டம் என்றால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம், ஆழ்வார்பேட்டை என்றே இருந்தது. வடசென்னையில் கவிதையும் நாடகமும் பாட்டும் இல்லாமல் இருந்ததா என்ன? தமுஎகசவின் (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைக் கூட்டங்கள், கலை இலக்கியப் பெருமன்றத்தின் நிகழ்ச்சிகள், தொழிற்சங்க அரங்குகளில் நடந்த கவியரங்குகள் என்று அங்கே ஒரு பெரிய மரபு இருந்தது, இருக்கிறது. பத்திரிகைகள் அதைக் கவனிக்கவில்லை. பா. இரஞ்சித் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையம் வந்த பிறகு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டு அவர்கள் நடத்தும் வானம் கலைத் திருவிழாவில் இளைஞர்கள் வந்து நிறைகிறார்கள். இலக்கியக் கூட்டத்தில் சராசரி வயது ஐம்பதுக்கு மேல் என்று சலித்துக்கொள்கிறவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இனி புத்தகக் கண்காட்சி. சென்னையில் வாசகர்களுக்கு ஒரு திருவிழா உண்டென்றால் அதுதான். புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் 22 அரங்குகளோடு தொடங்கியது. பல வருஷம் காயிதே மில்லத் கல்லூரியில் நடந்து, அப்புறம் பூந்தமல்லி நெடுஞ்சாலை செயின்ட் ஜார்ஜ் பள்ளிக்குப் போய், இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. அரங்குகள் சுமார் 900 ஆகிவிட்டன. பொங்கலை ஒட்டி ஜனவரியில் நடப்பது வழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல பதிப்பாளர்களின் கிடங்கில் தண்ணீர் புகுந்து புத்தகங்கள் கூழாகிப்போயின. அந்த முறை கண்காட்சி தள்ளிப்போய், 2016 ஜூன் மாதம் தீவுத்திடலில் நடந்தது. ஜூன் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வியர்த்து வழிய மக்கள் வந்தார்கள். நனைந்த புத்தகங்களைக் காயவைத்துக் குறைந்த விலைக்கு விற்றவர்களிடம் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனவர்களை மறக்க முடியாது.

கண்காட்சியின் பத்து சதவீதக் கழிவுக்காக மட்டும் போகாதீர்கள், அதை இப்போது இணையத்திலேயே கொடுக்கிறார்கள். அங்கே மட்டுமே கிடைப்பது வேறு. சிறு பதிப்பாளர்கள் வருஷம் முழுக்கக் கடைகளில் கண்ணில் படாத தங்கள் பட்டியலை முழுசாக விரித்துவைப்பது அந்தப் பதினைந்து நாட்களில்தான். சாகித்ய அகாடமி, நேஷனல் புக் டிரஸ்ட் அரங்குகளில் பழைய விலையிலேயே நிற்கும் மொழிபெயர்ப்புகளைத் தேடிப் பாருங்கள். வங்க, கன்னட, மலையாள நாவல்கள் அங்கே கிடைக்கும் விலைக்கு வேறெங்கும் கிடைக்காது. வார நாள் மதியம் போங்கள், பதிப்பாளரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். “உங்க பதிப்பகத்துல எனக்கு எது படிக்கக் குடுப்பீங்க?” என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார். பொங்கல் விடுமுறையில் போனால் கூட்டம் உங்களை ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். எழுத்தாளர்கள் மாலையில் தங்கள் பதிப்பக அரங்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். தயங்காமல் பேசலாம், பெரும்பாலானவர்கள் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கண்காட்சிதான் இலக்கிய நாட்காட்டியையும் தீர்மானிக்கிறது. ஜனவரியை முன்வைத்து டிசம்பரில் புத்தகங்கள் வந்து குவியும். ஒரே சனிக்கிழமை மாலை மூன்று இடத்தில் வெளியீடு இருக்கும். சங்கீத சீசனும் அதே சமயம், டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள் நிகழ்ச்சிகளும் அதே சமயம். பிப்ரவரிக்கு அப்புறம் ஊர் அமைதியாகிவிடும். என் அனுபவத்தில் நல்ல கூட்டங்கள் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை நடப்பவைதான், ஏனென்றால் விற்பனை அவசரம் எதுவும் இல்லாமல், பேச விஷயம் இருப்பதால் மட்டுமே அவை நடக்கின்றன. ஜூன் மாதம் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் இளம் கவிஞர்களுக்குத் தரும் குமரகுருபரன் விருது விழாவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2016இல் மறைந்த கவிஞர் குமரகுருபரன் நினைவாக அடுத்த ஆண்டிலிருந்து சென்னையில் வழங்கப்படுவது. கவிதை பற்றி விரிவாகப் பேசுகிற விழா, அதிலும் விருது பெறுகிறவர் இளைஞர் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

2023 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியையும் நடத்துகிறது. அது வாங்கிப்போகிற கண்காட்சி கிடையாது. பதிப்பாளர்களும் முகவர்களும் மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பற்றிப் பேசுகிற சந்தை. கூடவே மொழிபெயர்ப்புக்கு அரசு நிதியுதவியும் தருகிறார்கள். இப்போதைக்கு உங்களுக்கு அதில் வேலை இருக்காது. ஆனால் தமிழிலிருந்து வேறு மொழிகளுக்குப் போகும் வழி ஒன்று திறந்திருக்கிறது என்பது எழுத ஆசைப்படுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி.

எழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. கதைகள் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். கூட்டங்களில் நாலு முகம் பழகியதும் யாராவது ஒருவர் “தொகுப்பாப் போட்டுடலாமே” என்பார். வேண்டிய அளவு மட்டும் அச்சிடும் பிஓடி முறை வந்த பிறகு நூறு பிரதி போடுவது எளிது, செலவை நீங்கள் கொடுத்தால் ஒரு மாதத்தில் புத்தகம் கையில் இருக்கும், வெளியீட்டு விழாவும் நடந்துவிடும். அவசரப்படாதீர்கள். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சேமிப்பு முழுவதையும் ஒரு பதிப்பகத்திடம் கொடுத்து, விழா முடிந்த பிறகு கட்டுக்கட்டாகப் பிரதிகளை வீட்டுப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார். எழுதுவதையும் விட்டுவிட்டார். முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள், அச்சிதழோ இணைய இதழோ எதுவானாலும் சரி. திரும்பி வந்தால் இன்னொன்று எழுதி அனுப்புங்கள். கதை வெளிவந்து, அதை ஏதாவது ஒரு மாதக் கூட்டத்தில் உங்களைத் தெரியாத ஒருவர் எடுத்துப் பேசினால், அதைவிடப் பெரிய விழா எழுதுகிறவருக்குக் கிடையாது. தொகுப்பு அதற்கு அப்புறம் வரட்டும். நல்ல பதிப்பாளர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

குழுச் சண்டைகளும் காதில் விழும். யார் யாரைத் திருடன் என்றார், யார் மேடையில் யார் ஏறக் கூடாது என்று நிறையச் சொல்வார்கள். சில சண்டைகளுக்கு நிஜமான காரணம் உண்டு. அரசியல் நிலைப்பாடு, சாதி பற்றிய பார்வை, பெண்களிடம் நடந்துகொண்ட விதம் இவையெல்லாம் லேசாக ஒதுக்கக் கூடியவை அல்ல. மற்றவை பழைய மனஸ்தாபங்கள். எது எது என்று பிரித்தறிய இரண்டு தரப்பாரின் புத்தகங்களையும் படிப்பதுதான் வழி.

ஒரு வாரம் வர முடியாவிட்டால் கவலைப்படாதீர்கள். சுருதி டிவி இந்த ஊரின் முக்கியமான கூட்டங்கள் பலவற்றையும் பதிவு செய்து யூடியூபில் ஏற்றியிருக்கிறது. பெரிய சேனல்கள் எட்டிக்கூடப் பார்க்காத முப்பது பேர் கூட்டத்துக்கும் கேமராவோடு போய் நின்றிருக்கிறார்கள். மறைந்துவிட்ட பல எழுத்தாளர்களின் குரல் இன்று நமக்குக் கிடைப்பதற்கு இதுபோன்ற பதிவுகள்தான் காரணம். 2020 ஊரடங்கில் ஜூமுக்குப் போன கூட்டங்கள் சில இன்னமும் இணையத்தில் தொடர்கின்றன, குவிகத்தின் ஞாயிறு அளவளாவல் அப்படி. ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கு அது வசதி. ஆனால் டீக்கடைப் பேச்சு ஜூமில் கிடையாது, அதனால் மாதம் ஒருமுறையாவது நேரில் போங்கள்.

ஒரு சின்ன யோசனையும் உண்டு. சோழிங்கநல்லூர், நாவலூர், பெரும்பாக்கம் பக்கம் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து குடியேறிவிட்டார்கள், கூட்டங்களோ இன்னும் நகரத்துக்குள்ளேயே நடக்கின்றன. உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ படிக்கிற நாலைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள். ஆறு மாதம் இங்கே வந்து பார்த்து, எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அங்கேயே ஒன்று தொடங்குங்கள். ஒரு சிறுகதை போதும், முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், ஞாயிறு காலை வையுங்கள். முதல் கூட்டத்துக்கு எனக்கும் தகவல் சொல்லுங்கள், கதையைப் படித்துவிட்டு வருகிறேன்.